உள்வட்டம், வெளிவட்டம்

என் வீட்டுக்காரருக்கு உங்கள் வீட்டுக்காரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். சாமி விளக்கு தவறாமல் எரிகிறது. நீங்கள் அங்கே நலமாக இருப்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது.

சங்கத்தின் பாட்டு, ஆட்ட முகாமில் எல்லோருடைய கைபேசியையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள் என்று கேட்டபோது சந்தோஷப்பட்டேன். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் முறையாக உங்களிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வரப்போகிறதே என்றுதான். போன புதன்கிழமை முகாம் வேன் ஓட்டுநர் கொண்டுவந்து கொடுத்தார். சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் பிரித்தேன். நான்கு பக்கம். அதில் தையற்காரம்மா ஏழு இடத்தில் வருகிறார். நான் ஒரே இடத்தில் வருகிறேன், "மாத்திரை போட்டாயா" என்ற இடத்தில். போட்டேன்.

கோலாட்டத்தில் அவர்தான் உங்கள் ஜோடி என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும். உங்கள் சட்டைக் காலரைப் பிரித்து அழகாகத் தைத்துக் கொடுத்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலரை நான் போன மாதம்தான் தைத்தேன். வெள்ளை நூல் தீர்ந்துபோய் நீல நூலில் தைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். அவர் பிரித்தது என் தையலை. பிரிக்கும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருப்பீர்கள்.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். அவர் தன் அம்மா பாடிய தாலாட்டைப் பாடினாராம், செயலாளர் அதை ஒலிப்பதிவு செய்தாராம், உங்களுக்குக் கண் கலங்கிவிட்டதாம். நீங்கள் எழுதியனுப்பிய அடிகளைப் படித்துப் பார்த்தேன். நடுவில் ஓர் அடி விட்டுப்போயிருக்கிறது. நம் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தத் தாலாட்டில்தான் தூங்கினார்கள். நீங்கள் பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டு, "கொஞ்சம் மெதுவாப் பாடேன்" என்றீர்கள். அப்போது கலங்காத கண்!

ஜோடி என்பது பேருக்குத்தான், சுற்றி வரும்போது எல்லோரும் எல்லோரோடும் கோல் தட்டுவோம் என்று சமாதானம் வேறு சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னால் நம்புகிறவள்தான் நான். ஆனாலும் கடைக்காரர் சொல்லும் கூட்டலையே வீட்டுக்கு வந்து ஒரு தரம் போட்டுப் பார்க்கிறவள் அல்லவா? பொத்தான் டப்பாவைக் கூடத்தில் கொட்டினேன். பன்னிரண்டு வெள்ளைப் பொத்தான் உள்வட்டம். பன்னிரண்டு கறுப்புப் பொத்தான் வெளிவட்டம். உள்வட்டத்தில் ஒன்றை எடுத்துவிட்டுப் பெரிய கோட்டுப் பொத்தானை வைத்தேன், அது நீங்கள். வெளிவட்டத்தில் அதற்கு எதிரே இருந்த கறுப்பை எடுத்துவிட்டு ஒரு சிவப்புப் பொத்தான். அது யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எழுதியபடியே பாட்டில் ஓரடி முடிய, உள்வட்டத்தை ஓரிடம் வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே வந்தேன்.

உள்வட்டத்தில் உங்களோடு சுற்றும் பதினொரு பேரோடு உங்கள் கோல் படுவதே இல்லை. வெளிவட்டத்தில் பதினொரு பேரோடு ஆளுக்கு ஒரு முறை. சிவப்புப் பொத்தானோடு மட்டும் இரண்டு முறை. புறப்படும்போது ஒன்று, சுற்றி வந்து சேரும்போது ஒன்று. மூன்று தரம் போட்டுப் பார்த்துவிட்டேன், மாறவில்லை. எல்லோரும் எல்லோரோடுமாம்!

ஆத்திரத்தில் நகர்த்தி நகர்த்தி எனக்கே ஆட்டம் மனப்பாடமாகிவிட்டது. இரண்டு மரக்கரண்டியை எடுத்துக்கொண்டேன். சமையலறை நிலைக்கதவுதான் என் ஜோடி. அது அசையாமல் நிற்கும், யாருடைய காலரையும் தைக்காது. நேற்று கீழ்வீட்டுக்காரி மேலே வந்து, "என்னக்கா, நாலு நாளா ஆணி அடிச்சுக்கிட்டே இருக்கீங்க, எத்தனை படந்தான் மாட்டுவீங்க?" என்றாள். சாமி படம் மாட்டுகிறேன் என்று சமாளித்தேன். "தாளம் தப்பாம மாட்டணும்னு சாமி சொல்லிச்சா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள். மாட்டிக்கொண்டேன்.

இனி எழுதுவதை நீங்கள் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

முகாம் படிவத்தில் நீங்கள் நம் இரண்டு பேர் பெயரையும்தான் எழுதினீர்கள். என் பெயரை அடித்தது நான். "இந்த வயசுல எனக்கு ஆட்டம் ஒண்ணுதான் குறைச்சல், விளக்கை யார் ஏத்துவா?" என்று கத்தினேன். நீங்களும் மறுபடி கேட்கவில்லை. விளக்குக்காக நான் வராமல் இல்லை. அங்கே வரும் பெண்கள் எல்லாம் சின்ன வயதிலேயே வாத்தியாரிடம் கற்றவர்கள். எனக்கு எழுத்தே நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் பார்த்து வந்தது. அத்தனை பேர் நடுவில் கால் தப்பி உங்களைத் தலைகுனிய வைத்துவிடுவேனோ என்று பயந்தேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டுச் சாமியைச் சாக்குச் சொன்னேன். சாமியிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. உங்களிடம் இப்போதுதான் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை வேனில் வருகிறேன். மூன்று நாளும் விளக்கைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கீழ்வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். வேன் வேலைக்காக ஓட்டுநரின் கைபேசியை மட்டும் பூட்டவில்லையாம், அவரிடம் போனில் பேசினேன். "வாங்கம்மா, நானும் தினம் ஓரமா நின்னு வெறும் கோலைத் தட்டிக்கிட்டு இருக்கேன், எனக்கு ஜோடி இல்ல" என்றார். அவரும் நானும் சேர்ந்தால் பதின்மூன்று ஜோடி. ஞாயிற்றுக்கிழமை நிறைவு நாள் ஆட்டத்தில் தையற்காரம்மா அவரோடு நிற்கட்டும். நீங்களே பக்குவமாகக் கேளுங்கள். நான் கேட்டால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

வெளிவட்டத்தில் எங்காவது ஓரிடம் கிடைத்தால் போதும் என்றுதான் முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். எனக்குப் போதாது. புறப்படும்போதும் வந்து சேரும்போதும் உங்களுக்கு எதிரில் நான் நிற்க வேண்டும்.

லிப்ட் பழுதுபார்க்க மாடி மாடியாக ஏறி இறங்கித் தேய்ந்த உங்கள் முழங்காலை ஆண்டவன் காக்கட்டும். வெள்ளிக்கிழமை வேன் வரும் நேரத்துக்கு வாசலுக்கு வந்து நில்லுங்கள். தெரியாத கூட்டத்துக்குள் ஒண்டியாக நுழைய எனக்குக் கூச்சம். நீங்கள் மட்டும் வந்தால் போதும்.

உங்கள்
வீட்டுக்காரி