மின்சாரச் சக்கரவர்த்தியின் கெட்டில்

சனிக்கிழமை இரவு, பாலிக் புலாவ்

கணினிக் கிறுக்கர்கள் டுரியான் தோட்டத்தில் கூடாரமடித்து நடத்தும் இந்த முகாமில் சம்பள ஆளே கிடையாது; எல்லாரும் தொண்டர்கள். அடியேன் மின்சாரச் சக்கரவர்த்தி. கூடாரத்துக்குள் கெட்டில் செருகினால் தலை உருளும் என்று காலையில் மூவுலகும் அதிர முழங்கினேன்.

மதியம் முகாம் முழுக்கக் கரண்ட் போனது. சமையல் கொட்டகைக்கு ஓடி, முப்பது பேர் முன்னால், அங்கே சமைத்துக்கொண்டிருந்த மேரியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னத்தமா செருகின? அறிவில்ல?"

"ரைஸ் குக்கர்தான் போல அண்ணே. சாரிலா."

கூடாரத்துக்குத் திரும்பினால் என் கெட்டில் செருகியபடியே, தண்ணீர் வற்றிக் கருகிக் கிடந்தது. காலையில் முழங்கப் போகும் அவசரத்தில் மறந்திருக்கிறேன். சத்தமில்லாமல் பிடுங்கிவிட்டு, போய் மெயின் சுவிட்சைத் தூக்கினேன். எல்லாரும் கைதட்டினார்கள். குனிந்து வணங்கினேன், பாவி.

மேரி அதற்குப் பிறகு எதையும் செருகவில்லை. அறுபது பேருக்கும் விறகடுப்பில் சமைத்தாள். சாயங்காலம் புகையில் சிவந்த கண்ணோடு எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"கோவம் போச்சா அண்ணே? குடிங்கலா."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"சீனி கம்மி" என்றேன்.