மகளின் ஜனாஸாவுக்கு நிற்காதவன்

தோஹா

அன்பு அஸ்ரியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கால் வீக்கம் வற்றிவிட்டதா? மாம்புரியில் மழை எப்படி? நான் சுகம், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். போனில் சொல்ல நா எழாததால் எழுதுகிறேன், பயப்படாதே.

பக்கத்து அறையில் இருந்த பங்களாதேஷ்காரர் ஒருவர் மௌத்தாகிவிட்டார். அடக்குமுன் ஜனாஸாத் தொழுகைக்கு வரும்படி கூட வேலை செய்யும் இனாஸ் என் கையைப் பிடித்தான்.

“நான் தொழுறல்லண்டு ஒனக்குத் தெரியும்தானே.”

“அவருக்கு இங்க யாருமில்ல, நானா. வரிசையா ஒரு ஸப்பு நிக்கவாவது ஆள் வேணும்.”

போனேன். கை உயர்த்தித் தக்பீர் கட்டியதும் அழுகை வந்துவிட்டது. நம் ஹிமாயா டெங்குவில் போன அன்று, அல்லாஹ்வோடு கோபித்துக்கொண்டு கடற்கரையில் கிடந்தேன். பெற்ற பிள்ளைக்கு நிற்காதவன் யாரோ ஒருவருக்கு நின்றேன். உன்னையும் அன்று தனியே அழவிட்டேன். நினைக்க வெட்கமாக இருக்கிறது.

இப்போது ஐந்து வேளையும் தொழுகிறேன். கையேந்தித் துஆ கேட்கத்தான் இன்னும் வாய் வரவில்லை.

அலுமாரியில் உள்ள என் தொழுகைத் தொப்பியை, யாராவது இங்கே வந்தால் கொடுத்தனுப்பு. இன்னொன்று, கேட்கக் கூசுகிறது. மையவாடியில் பிள்ளையின் கபுர் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. அடக்கியது உன் தம்பி றுமைஸ்தானே, அவனிடம் கேட்டு எழுது.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

ஸப்வான்