முழுக்கைச் சட்டைக்குள் அப்பா மறைத்தது

என் சின்னக்குட்டிக்கு,

இங்கே நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, இடையிடையே சண்டை போட்டு, சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சண்டையைத் தவிர மற்றதில் எங்களைப் போலவே இருக்க வேண்டும்.

போன மாதம் வீடியோவில் அப்பா முகத்தைக் காட்டாமல் மின்விசிறியையே காட்டுகிறாரே என்று கேட்டாயே, இப்போது சொல்கிறேன், பயப்பட ஒன்றுமில்லை. பல் வீங்கியதற்கு மாத்திரை சாப்பிட்டார், அதன் பிறகு கழுத்து, கை, முதுகெல்லாம் செக்கச்செவேலென்று தடிப்பு. கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டிய காலத்திலேயே மேல் பொத்தான் போடாத மனிதர், எனக்குச் சந்தேகம் வராதா? கேட்டால் "வேர்க்குருதான்டி, சும்மா இரு" என்றார். நானே சட்டையைக் கழற்றிப் பார்த்தேன், முதுகில் விரல் வைக்க இடமில்லை. அவருடைய ரத்தப் புற்றுநோய் லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராதது, அந்த நோயில் ரத்த அணு முடி முளைத்த மாதிரி இருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, "தலையில நிக்காத முடி ரத்தத்துல போய் முளைச்சிருக்கு" என்று சிரித்த ஆள்தான். ஆனால் அடங்கிய நோய் திரும்பினால் தோலிலும் தெரியும் என்று எவரோ சொன்னதை நினைத்து வாயைத் திறக்கவில்லை. புது வேலையை விட்டுவிட்டு நீ விழுந்தடித்து வந்துவிடுவாயோ என்ற கவலை வேறு.

இழுத்துக்கொண்டு போனேன். தோல் டாக்டரம்மா முதுகில் மிளகளவு கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வருவதற்குள் அப்பா, பீரோ சாவி எங்கே இருக்கிறது என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். "எனக்கு எதுக்கு? நீங்களே இருந்து பாத்துக்குங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். பின்னாலேயே வந்து நின்று, "எனக்குப் பயமா இருக்குடி" என்றார். கல்யாணமானதிலிருந்து அந்த வாயில் நான் கேட்காத வார்த்தை. அடுப்பை அணைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வேறென்ன செய்ய.

நோய் திரும்பவில்லையாம், பல் மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லையாம். இந்த நோய் உள்ளவர்களுக்குத் தோல் சட்டென்று கோபித்துக்கொள்ளுமாம். மாத்திரையை நிறுத்தியதும் தடிப்பு இறங்கிவிட்டது. அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளி, அடிபடாமலே கன்றிப்போவது, காய்ச்சல், எது வந்தாலும் அன்றைக்கே வரவேண்டும், "சட்டையால மூடுனா நோய் ஓடிப்போயிடுமா சார்?" என்று டாக்டரம்மா பிடித்த பிடியில், போலீசிடம் மாட்டிய டிரைவர் மாதிரி அப்பா தலையாட்டினார்.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் நிறைவாக இருங்கள். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. உன்னிடம் சொல்லாதே என்று அப்பா சொன்னபோது தலையாட்டினேனே தவிர வாக்குக் கொடுக்கவில்லை. அவராகச் சொல்லும்போது புதிதாகக் கேட்பது போலக் கேட்டு, எனக்கும் சேர்த்து நாலு திட்டு திட்டு. இதோ கூப்பிடுகிறார், முதுகுக்குக் கை எட்டவில்லையாம், தடிப்பு போன இடத்திலும் களிம்பு தடவ வேண்டுமாம். தடவிவிட்டு வருகிறேன் என்றால் சீக்கிரம் விடமாட்டார், அதனால் இத்துடன் முடிக்கிறேன்.

உன் அம்மா