வட்டிச் சட்டத்துக்கு ஒரு மாலை

ஞாயிறு இரவு, மலாக்கா.

இன்று புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எனக்கு மாலை போட்டார்கள். வட்டிக்கடைக்காரர்களை அடக்கும் சட்டத்தைச் சட்டசபையில் கொண்டுவந்தவன் நானாம். நானோ அதை எதிர்த்துக் கை தூக்கியவன். என்னை மீறித்தான் அது நிறைவேறியது. தேர்தலுக்குக் கார் கொடுத்தவர்களே அந்தக் கடைக்காரர்கள்தானே!

"இப்ப வட்டிக்காரன் இஷ்டத்துக்குக் கேக்க முடியல லா, ஐயா. எல்லாம் ஒங்க புண்ணியம்" என்று பால்மரம் சீவும் அஞ்சலை கண் கலங்கினாள்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஊரடங்குக்கு நேரமாகிவிட்டது என்று காரில் ஏறிவிட்டேன். வெயில்கூடத் தாழவில்லை. அதை யாரும் கேட்கவில்லை. காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்காகத் தோட்டத்தைச் சுற்றிப் போட்ட முள்வேலியின் வாசல்வரை கும்பிட்டபடியே வந்தார்கள்.

நானும் கும்பிட்டேன், அன்று சபையில் தூக்கிய கையையும் சேர்த்து.