மெஷின் சும்மாத்தான் இருந்துது

14-11-88, திங்கள்

விடியறதுக்கு முன்னாலேர்ந்து தூறல். கடைத்தெரு பூரா சேறு. செருப்பு வார் அறுந்துது. ஊக்கு குத்திகினு பட்டுக்கடை ஆபீஸ்.

ஒன்பது மணிக்கே கம்ப்யூட்டர் ரூம் ஜன்னல்ல நெசவுக்காரங்க கும்பல். கொண்டாந்த சேலையைத் தராசுல போட்டு, எடை எழுதின சீட்டு எங்கிட்ட வந்து, நான் அதை மெஷின்ல ஏத்தி ரசீது அடிச்சுக் குடுத்தாத்தான் அவங்களுக்கு அடுத்த சேலைக்குப் பாவு நூல் கிடைக்கும். நோட்டுல எழுதின காலத்துல காலையிலயே வீட்டுக்குப் போயிடுவாங்களாம். இப்போ பொழுது சாயுது. "இன்னாம்மா, பொட்டியாண்ட தூங்கிகினு கீறியா?" ஒரு கிழவர். பேஜார்.

மதியம் முதலாளியோட மாப்பிள்ளை (இனிமே மா. போதும், முழுசா எழுத இங்க் வேஸ்ட்) எல்லார் எதிர்லயும்: "மெஷின் புதுசு. அப்போ மெதுவா இருக்கறது யாரு?" என் மூஞ்சியைப் பார்க்காமலே. அவர் பெரியப்பா மகன் மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் டிப்ளமா முடிச்சுட்டு சும்மா இருக்கானாம். சனிக்கிழமைக்குள்ள முதலாளி முடிவு சொல்லணுமாம்.

இந்த மெஷினை வாங்கினதே மா. தான். மெமரியைக் குறைச்சு வாங்கிட்டார்னு மாட்ட வந்த இன்ஜினியரே அன்னிக்கு முணுமுணுத்தார். தப்பு மெஷின் மேலதான். நான் சொன்னா எடுபடுமா?

வேலை போனா இந்த வாடகை ரூம் போயிடும். ரூம் போனா அண்ணன் வந்து என் பெட்டியைத் தூக்கிகினு, வெம்பாக்கத்துல அந்த மனுஷன் வாசல்ல என்னை இறக்கிட்டுப் போவான். 'புருஷன்னா அடிக்கத்தான் செய்வான்'னு சொல்லிட்டு. முதுகுல தழும்பு இன்னும் இருக்கு. போவ மாட்டேன்.

வாங்க: செருப்பு வார், ஊறுகா, ஸ்டவ் திரி.

15-11, செவ்வாய்

மழை. மெட்ராசுக்கு டிரங்கால் போட்டு இன்ஜினியர் கிடைக்க மதியம் ஆச்சு. ஒரே இரைச்சல். "மெஷின் எவ்ளோ வேலை செஞ்சுது, எவ்ளோ நேரம் சும்மா இருந்துது, மெமரி எவ்ளோ மிச்சம், எல்லாத்துக்கும் அதுவே கணக்கு வச்சுக்கும்மா. தினம் ஆறு மணிக்கு ஒரு ரிப்போர்ட் எழுதி வைக்கும். முதல்ல ரிப்போர்ட் இருக்கான்னு பாருங்க. இருந்தா பிரிண்ட் எடுத்து முதலாளிகிட்ட காட்டுங்க."

கமாண்டை எழுத்து எழுத்தாச் சொன்னார். பேப்பர் இல்ல, உள்ளங்கையில எழுதிகினேன். ரிப்போர்ட் பேரு எல்லாம் 'சார்'னு ஆரம்பிக்குமாம், பின்னாடி தேதி. வெளிய இருக்கற சாருங்க பத்தாதுன்னு மெஷினுக்குள்ள வேற!

டைப் பண்ணேன். எண்டர். ஒண்ணும் இல்ல. மறுபடி. ஒரு டாலர் குறி, பக்கத்துல மினுக்குற கட்டம், அவ்ளோதான். மெஷின் வந்து இத்தனை மாசத்துல ஒரு ரிப்போர்ட் கூட இல்ல. நான் வேலை செஞ்சதுக்கு மெஷின்கிட்ட கூட சாட்சி கிடையாது.

சோறு குழைஞ்சு போச்சு. அப்படியே தின்னேன்.

16-11, புதன்

வெயில். துணி காஞ்சுது.

சாயந்தரம் அஞ்சுக்கு முதலாளி எப்பவும் போல மெயின் சுவிட்சை இறக்கினார். அப்போதான் மண்டையில உரைச்சுது. அடக் கடவுளே! ஆறு மணிக்கு ரிப்போர்ட் எழுதற மெஷினை நாம தினமும் அஞ்சுக்கே அணைக்கிறோம். முதலாளி ஜைனர். பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டு முடிக்கணும், அதனால அஞ்சுக்குக் கடை அடைப்பு. இந்த மெஷின் ஒரு நாள் கூட ஆறு மணியைப் பார்த்ததில்ல.

ஓடிப்போய்க் கேட்டேன். ஒரே ஒரு நாள் ஆறு தாண்டற வரைக்கும் மெயின் இருக்கட்டுங்கன்னு.

"மழைக்காலம்மா. விளக்கு எரிஞ்சா ஈசல் வந்து விழும். அத்தனை உயிரும் போவும். அந்தப் பாவம் யாருக்கு?"

"விளக்கே போட மாட்டேங்க. மெஷின் மட்டுந்தான்."

யோசிச்சார். "சாவியை நான் யாருகிட்டயும் குடுக்கறதில்ல. நானும் இருக்கேன்."

"அப்போ உங்க சாப்பாடுங்க?"

"ஒரு வேளைதானே. காலையில பார்த்துக்கலாம்."

மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இந்த மனுஷனுக்கா அப்படி ஒரு மாப்பிள்ளை வாய்ச்சார்.

17-11, வியாழன்

பகல் பூரா கொட்டினது சாயந்தரம் விட்டுது. எல்லாரும் போயிட்டாங்க. இருட்டு ரூம்ல நான், மெஷின். வாசல்ல ஸ்டூல் போட்டுகினு முதலாளி. திரையோட பச்சை வெளிச்சத்துக்கே ஈசல் வர ஆரம்பிச்சுது. முதலாளி தோள் துண்டைக் குடுத்து மூடச் சொன்னார். மூடிட்டு உக்காந்தோம். அவர் வயிறு சத்தம் போட்டது எனக்குக் கேட்டுது.

ஆறு தாண்டினதும் குருட்டாம்போக்குல டைப் பண்ணி, துண்டை லேசாத் தூக்கிப் பார்த்தா, இருந்துது! 'சார்' பதினேழு. ஒரே ஒரு பேரு. சிரிச்சுட்டேன். ஜல்தியா பிரிண்ட் எடுத்து மடிச்சுகினு ரூமுக்கு வந்தேன்.

விளக்கடியில விரிச்சுப் படிச்சேன். மெஷின் திணறவே இல்ல. மணிக்கு ஒரு வரி. முக்கால்வாசி வரியில அது சும்மா உக்காந்திருக்கு. மெமரியும் தாராளமாக் கிடக்கு. வேலை செஞ்சது ரெண்டே தடவை, பதினொண்ணுக்கு மேல கொஞ்சம், நாலுக்கு மேல கொஞ்சம்.

அப்போ மா. சொன்னது நெசம்தானா? நான்தான் மெதுவா? அழுதேன், இதுல ஒளிக்க என்ன இருக்கு.

மூஞ்சி கழுவிட்டு மறுபடி பார்த்தேன். காலையில மெஷின் சும்மா இருக்கறப்ப நான் என்ன பண்றேன்? கையைக் கட்டிகினு உக்காந்திருக்கேன். ஏன்? சீட்டு வரல. தராசுல இருக்கற ஏழுமலை ஏன் அனுப்பல? மெஷின் வந்ததுலேர்ந்து ஒவ்வொரு சீட்டுலயும் தன் கையெழுத்து வேணும்னு மா. போட்ட சட்டம். அவர் வர்றது பதினொண்ணுக்கு. சாப்பிட்டுத் தூங்கிட்டு மறுபடி வர்றது நாலுக்கு. கட்டு கட்டாக் கையெழுத்துப் போட்டு, கட்டு கட்டா என் மேஜைக்கு. மெஷின் எனக்காகக் காத்துகினு இருக்கு, நான் சீட்டுக்கு, சீட்டு மா.வுக்கு. ஜன்னல்ல தெரியறது என் மூஞ்சி மட்டும். திட்டு பூரா எனக்கு.

இத்தனை நாள் பாவம், மெஷினைத் திட்டிகினு இருந்திருக்கேன்.

18-11, வெள்ளி

ஏழுமலைகிட்ட கேட்டேன். "எனக்குத் தெரியாதா இன்னா? வாயைத் தொறந்தா வூட்டுக்குப் போவணும். நீ சொல்லு, நான் வரல."

நானே சொன்னேன். முதலாளி கண்ணாடி போட்டுகினு ரிப்போர்ட்டை வரி வரியாப் பார்த்தார். மா. கையெழுத்து வரைக்கும் எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். காகிதத்தை மடிச்சு என் கையிலயே குடுத்தார்.

"தெரியும்மா."

கண்ணாடியைக் கழட்டினார்.

"மெஷின் மேல தப்புன்னு வரணும்னுதான் நானும் வேண்டிகினு உக்காந்திருந்தேன். மெஷின்னா மாத்தலாம். ஆளுன்னாலும் மாத்தலாம். பொண்ணைக் குடுத்துட்டேன். மாப்பிள்ளையை மாத்த முடியுமா, நீயே சொல்லு."

கெட்டவரா இருந்தா நாலு வார்த்தை கத்திட்டு வந்திருப்பேன். நல்லவரை வச்சிகினு நான் என்ன பண்றது. "சரிங்க"ன்னுட்டு வந்தேன். சரிங்கவாம்! என் வாயில கொள்ளி வைக்க.

வேலை நாளையோட சரி. ஹவுஸ் ஓனரம்மாகிட்ட வாடகைக்கு ஒரு மாசம் டைம் கேட்டிருக்கேன். வேலூர்ல எங்கயோ கம்ப்யூட்டர் வந்திருக்காம். பார்க்கணும். அண்ணனுக்குத் தெரியக் கூடாது.

19-11, சனி

மேகமூட்டம். கடைசி நாள்.

எனக்கு ஒரு பட்டுச்சேலை குடுக்கச் சொல்லியிருந்தார் முதலாளி. அரக்குக் கலர். நல்ல சேலை, இத்தனை நாள் எடையா மட்டும் ஏத்தினது, இன்னிக்குத்தான் தொட்டுப் பார்த்தேன். ஏழுமலை தராசுல போட்டு சீட்டு எழுதினான். கையெழுத்து இல்லாம சேலை கடையைத் தாண்டக் கூடாது. மா. சாப்பிடப் போயிருந்தார். "நாலுக்கு வந்துடுவாரும்மா, செத்த இரு"ன்னான்.

மெஷின் ரூமை அதுக்குள்ள பூட்டிட்டாங்க. ஜன்னலுக்கு வெளிய, நெசவுக்காரங்களோட போய் நின்னேன். ஒரு அம்மா நகர்ந்து இடம் விட்டாங்க. "உனக்கும் பொட்டி லேட்டாம்மா?"

"பொட்டி சும்மாத்தான் கீதும்மா."

நாலு அடிச்சுது. மா. வரல. சேலையைத் தராசு மேலயே விட்டுட்டு வந்துட்டேன்.