சரக்குத்தூளும் சுருட்டுப் பெட்டியும்

புத்தூர்,
ஐப்பசி 22, வெள்ளிக்கிழமை பின்னேரம்.

அன்புள்ள மகள் கஜானிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பால் சுகம், மனத்தாலும் சுகம் என்று எழுத இன்றைக்கு எனக்குக் கை வரவில்லை. நீயும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் மருமகனும் நலமாயிருக்க எங்கள் வைரவரை ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ எடுத்தவுடன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், மருமகன் பக்கத்தில் இருந்து சுகமோ மாமி என்கிறார், அவர் ஆசையாக வாங்கி அனுப்பிய பெட்டியால் இந்த வீடு படும் பாட்டை அவர் காதுபட எப்படிக் கதைப்பது. அதுதான் எழுதி, நாளைக்குக் கொழும்பு பஸ் ஏறி உங்கள் ஊருக்குத் தன் மகளிடம் வரும் பிலிப்பு மாஸ்டரிடம் கொடுத்துவிடுகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

அப்பா முன்பெல்லாம் நடராசாவின் கொட்டிலில் சுற்றும் சுருட்டை வாங்கிப் பழைய பிஸ்கற் பேணிக்குள் போட்டு வைப்பார், மத்தியானம் சாப்பிட்டபின் ஒன்று பற்றுவார், அதோடு சரி. அந்தப் பேணியில் என்ன குறை கண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வைகாசியில் சுருட்டு வைக்கவென்று அந்த மரப்பெட்டி வந்தது, உள்ளே ஈரத்தைக் காட்ட ஒரு முள், சூட்டைக் காட்ட ஒரு முள், தண்ணீர் விட ஒரு பஞ்சு, கூடவே மருமகன் எழுதிய இரண்டு பக்கக் கடதாசி. ஈரம் எழுபதைத் தாண்டக்கூடாது, சூடு இருபத்தொரு பாகை. பிள்ளை, புத்தூரில் மார்கழி விடியற்காலையில்கூட இருபத்தொன்று வராது. ஆனால் அப்பாவுக்கு மருமகன் எழுதினால் எழுதியதுதான். முள் எண்பதில் நின்றது, உடனே முள்ளில் சந்தேகம். என் உப்புப் போத்தலில் கை வைத்து, ஒரு மூடியில் உப்பை நனைத்து, அதையும் முள்ளையும் ஒரு பைக்குள் இறுக்கிக் கட்டி ஒரு நாள் வைத்தார், எழுபத்தைந்து காட்டினால் முள் நல்லதாம், காட்டியது. ஆக முள் சரியாம், ஊர்க் காற்றுத்தான் பிழையாம். காற்றிலேயே ஈரம் கூடிக் கிடக்கிறது என்று கண்டபிறகும் பதினைந்து நாளுக்கு ஒருக்கால் பஞ்சுக்குத் தண்ணீர் விட்டார், கடதாசியில் அப்படி இருக்கிறதாம். அதுவும் கிணற்றுத் தண்ணீர் கூடாதென்று கராஜில் போய்ப் பற்றறிக்கு விடும் தண்ணீர் வாங்கி வந்தார். தூசி துடைக்க நான் மூடியைத் தொட்டால், உதைத் திறவாதையும், ஈரம் ஆடும் என்பார். சுருட்டில் பூஞ்சணம் பிடித்தது. துடைத்துவிட்டு, குளிர்ச்சியான இடம் என்று சாமி அறைக்குள் கொண்டுபோய் வைத்தார், முருகனுக்குப் பக்கத்தில் சுருட்டு. நான் கத்திய கத்தில் எடுத்தார், எடுத்து எனக்குச் சொல்லாமல் சாமான் அறையில் அரிசிமா வாளிக்குப் பின்னால் கீழ்த்தட்டில் வைத்தார், வீட்டிலேயே வெயில் படாத இடம் அதுதான்.

அந்தத் தட்டில்தான் உன் சரக்குத்தூள் இருந்தது. விசா இரண்டாம் முறையும் இல்லை என்று வந்த அன்றைக்கே முடிவெடுத்தேன், பெற்ற உடம்புக்குச் சரக்குக் கறி ஆக்கிக் கொடுக்க நான் வர ஏலாது, என் கைத்தூளாவது வரட்டும் என்று. மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள் எல்லாம் காயவைத்து வறுத்து அரைத்துக் கடதாசிப் பைகளில் கட்டி வைத்திருந்தேன். புதன்கிழமை பிலிப்பு மாஸ்டர் வந்து கொண்டுபோக ஏதும் இருக்கோ என்று கேட்க, எடுத்துப் பார்த்தால் பையெல்லாம் ஊசித்துளை. அவிழ்த்தால் கடுகளவு மண்ணிறப் பூச்சிகள் தூளுக்குள் நடக்கின்றன. வாளியை நகர்த்தினால் பெட்டி, பெட்டியைத் திறந்தால் சுருட்டிலும் அதே துளை. புகையிலைக்குள் முட்டை இருக்குமாம், இருபத்தைந்து பாகைக்கு மேலே போனால் பொரிக்குமாம். அதுவும் கடதாசியில் இருந்ததாம், மற்றப் பக்கத்தில். அப்பா உடனே மருமகனுக்குப் போன் எடுத்தார், ஏதோ வழி கேட்கிறார் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. கேட்டது சுருட்டுக்கு. மூன்று நாள் ஐசுப்பெட்டிக்குள் வைத்தால் பூச்சி செத்துப்போகுமாம், என் மீனை வெளியே எடுத்து வைத்துவிட்டு நாற்பது சுருட்டை உள்ளே அடுக்கினார்.

நான் சாமான் அறை வாசலிலேயே இருந்து அழுதேன். கடைத்தூளை வாங்கி அனுப்புமன் என்று அப்பா சொன்னார், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் எல்லாச் சரக்கும் வாங்கி வந்தார். மழைக்குணம் வேறு, தூறல் விழ அள்ளுவதும் வெயில் எறிக்க விரிப்பதுமாகப் பாயடியிலேயே இருந்தார். வறுக்கும்போது மட்டும் நான் கிட்ட விடவில்லை. இன்றைக்கு அப்பா அரைக்கக் கொண்டுபோக, மில்லில் ஆரோ மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பிள்ளை பெறப்போற என்ரை மகளுக்கு, உறைப்புப் படக்கூடாது என்று சொல்லி இரண்டு தரம் பச்சையரிசி போட்டு மெசினைத் துப்புரவாக்க வைத்தாராம். மில்லுக்கார டினேஸ் சிரித்தாராம், அப்பா சிரிக்கவில்லையாம். இதையெல்லாம் எழுதுவதால் என் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதே. பாயில் தூளை ஆறவிட்டிருக்க, அதில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கப் பெட்டி முள்ளைக் கழற்றிக்கொண்டு வந்து நின்ற மனிசன் அவர்.

இந்தக் கடிதத்தோடு வரும் தூளைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு வை, ஈரக் கரண்டி போடாதே. கறிக்கு உள்ளி நிறையப் போடச் சொல்லு. முள்ளுப் பார்க்கத் தெரிந்த மருமகனுக்கு அடுப்பும் பார்க்கத் தெரிய வேண்டும், வெட்கப்படாமல் கேள். வெறும் தேத்தண்ணியும் பாணுமாகப் படுத்துக் கிடக்காதே, அதை நினைத்தால்தான் எனக்கு நித்திரை வருவதில்லை. வைரவர் துணையாக நின்று நோவில்லாமல் உன்னையும் பிள்ளையையும் வேறாக்கித் தருவார், நீண்ட ஆயுளோடு நல்லாயிரு. ஒன்று மட்டும் மறவாதே. பிள்ளை பிறந்ததும் போனில் எல்லாரும் பிள்ளையைத்தான் காட்டுவீர்கள், எனக்கு அதைப் பிறகு காட்டலாம். முதலில் உன் சோற்றுக் கோப்பையைக் காட்டு, நீ சாப்பிடுவதைப் பார்த்தபிறகுதான் நான் இங்கே வாயில் வைப்பேன்.

உன்னைப் பெற்றவள்,
அருந்ததி