இடது பக்க ஷாப்ட்

கம்போங் ராஜா
9.3.2025

தவமலருக்கு,

நலமா? போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், அதனால் பெட்டிக்குள் கடிதம் வைக்கிறேன். இருளப்பன் அண்ணன் காய்கறி லாரியில் ஈப்போவுக்குக் கொண்டுவருவார்.

வீட்டில் கட்டிய நம் காரின் இடது பக்க ஷாப்ட் உடைந்துவிட்டது. தேயிலைத் தொழிற்சாலை மேட்டில் ஏறும்போது ‘டங்’ என்று ஒரு சத்தம். இஞ்சின் கத்துகிறது, சக்கரம் சுற்றவில்லை. எஸ்டேட் பிட்டரான எனக்கு இதை லேத்தில் கடையத் தெரியாதா என்று கேட்பாய். தெரியாது. உன் கை எனக்கு வராது. இரண்டு துண்டையும் இதே பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இங்கே ஓயாத மழை. உன் ரோஜாத் தொட்டிகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.

குணாளன்


ஈப்போ
16.3.2025

குணாளன் அவர்களுக்கு,

கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் உங்களை இப்படி விளித்ததில்லை. இப்போது வேறு எதுவும் வரவில்லை.

ஷாப்ட் முறுக்கி உடைந்திருக்கிறது. கிளட்சைப் படாரென்று விடாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னேன்? அவ்வளவு பெரிய இஞ்சினுக்கு இந்தச் சின்னக் கார் ஷாப்ட் தாங்குமா? என் அண்ணன் பட்டறையில் நல்ல எஃகில் தடிமனாகக் கடைந்து அனுப்புகிறேன்.

இது காருக்காக மட்டும். போன ஜூலை, தானா ராத்தா கார் கண்காட்சியில் “யாரு கட்டுனது?” என்று கேட்டார்கள். “நான் தனியா கட்டுனேன்லா” என்றீர்கள். நான் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றேன். நான்கு சக்கரத்தின் ஹப்பும் இந்தக் கை கடைந்தது. அன்று மலையிறங்கி வந்தவள்தான், எட்டு மாதம் ஆகிறது.

தவமலர்


கம்போங் ராஜா
20.4.2025

தவமலருக்கு,

ஷாப்ட் பிரமாதம். இப்போது ஹப் விரிந்துவிட்டது, அதே இடது பக்கம். பெட்டியில் இருக்கிறது.

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். சோறு வடிக்கும்போது இன்றைக்கும் இரண்டு பேருக்குப் போட்டுவிடுகிறேன், மறுநாள் காலை பழைய சோறுதான்.

குணாளன்


ஈப்போ
4.5.2025

குணாளன் அவர்களுக்கு,

ஷாப்ட் பலமானதும் அடி ஹப்புக்குப் போய்விட்டது. இரும்பின் மேல் தப்பில்லை, நட்டைச் சரியாக இறுக்காத உங்கள் மேல்தான். புது ஹப் அனுப்புகிறேன். சக்கரம் தரையில் நிற்கும்போது இறுக்குங்கள், ஜாக்கில் தொங்கும்போது அல்ல. பிறகு நட்டுக்கும் ஹப்புக்கும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். கோடு விலகினால் நட்டு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். என் கியூட்டெக்ஸ் நகப்பூச்சு அலமாரியின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கும்.

இரண்டு பேருக்கு வடிக்காதீர்கள்.

தவமலர்


கம்போங் ராஜா
25.5.2025

தவமலருக்கு,

நீ போனபிறகு அந்த இழுப்பறையை முதல்முறை திறந்தேன். கியூட்டெக்ஸ் பாதி காய்ந்திருந்தது. கடைசிச் சொட்டில் கோடு போட்டேன். உன் சீப்பும் அங்கேதான் இருந்தது. மூடிவிட்டு, கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

ஷாப்ட் திரும்பவும் உடைந்துவிட்டது. அதே மேட்டில்தான். அனுப்பியிருக்கிறேன்.

குணாளன்


ஈப்போ
1.6.2025

குணாளன் அவர்களுக்கு,

என்னை யாரென்று நினைத்தீர்கள்? முறுக்கி உடைந்த இரும்பு சுருண்டு கிழியும். இது தட்டையாக, வரி வரியாக இருக்கிறது. ரம்பத்தால் அறுத்திருக்கிறீர்கள். நான் தேடிப்பிடித்து வாங்கிய எஃகு அது. எத்தனை பிளேடு தேய்ந்தது?

நல்ல இரும்பை அறுத்துத்தான் எனக்கு எழுதவேண்டுமா? இனி ஷாப்ட் கடையமாட்டேன். உடைந்த சாமான் வந்தால் பெட்டியைப் பிரிக்கவும் மாட்டேன். கேட்கவேண்டியதைக் கேளுங்கள். சொல்லவேண்டியதை எந்த இடத்தில் மாற்றிச் சொன்னீர்களோ, அங்கேயே சொல்லுங்கள்.

தவமலர்


கம்போங் ராஜா
20.7.2025

என் அன்புத் தவமலருக்கு,

ஏழு பிளேடு. இரண்டு நாள் அறுத்தேன். உடைந்தது எதுவும் இல்லாவிட்டால் நீ பதில் போடமாட்டாய் என்ற பயம்.

நேற்று தானா ராத்தாவில் இந்த வருஷக் கண்காட்சி. ஷாப்ட் இல்லாத காரை இருளப்பன் அண்ணன் லாரியில், முட்டைகோஸ் கூடைகளுக்கு நடுவே கட்டிக்கொண்டு போனேன். “என்னலா, கார் லாரியில வருது?” என்று எல்லாரும் சிரித்தார்கள். மைக்கை வாங்கிச் சொன்னேன்: “ஷாப்ட், ஹப் எல்லாம் என் சம்சாரம் தவமலர் கடைஞ்சது. போன வருஷம் நான் தனியா கட்டுனேன்னு சொன்னது பொய். அவ இல்லாம இது ஓடாது.” மைக்கைக் கொடுத்துவிட்டேன்.

இந்தப் பெட்டியில் கடிதம் மட்டும்தான் இருக்கிறது. உடைந்தது ஒன்றும் இல்லை. நீ வரவேண்டும், தவமலர். வீட்டில் இருக்க முடியவில்லை. சனிக்கிழமை லாரி காலியாகத் திரும்பும். முன் சீட்டில் யாரையும் ஏற்றவேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் குணாளன்


ஈப்போ
23.7.2025

என்னங்க,

கடையமாட்டேன் என்று எழுதிய வாரமே ஷாப்ட்டைக் கடைந்துவிட்டேன். ஒன்றரை மாதமாக எண்ணெய் பூசி, துணி சுற்றி, என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, அதனால் அனுப்பவில்லை.

சனிக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன். நான் வரும்வரை நட்டைத் தொடாதீர்கள். புதுக் கியூட்டெக்ஸ் வாங்கிவிட்டேன்.

இரண்டு பேருக்கு வடித்து வையுங்கள்.

தவமலர்